30-க்கு 29 வாங்கியவருக்கு இன்னொரு சோதனை எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு 41 வயது. பொதுத்துறை வங்கி ஒன்றில் பணியாற்றுகிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. அதைத் தொடர்ந்து எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியானது. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். நன்றாக நடக்கிறார். கடைசியாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு எதுவும் இல்லை. ஆனால் ஓராண்டாக அவரிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. கவுன்டரில் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து இருக்கையிலிருந்து யாராவது ஏதாவது கேட்டால், எந்த இடத்தில் விட்டோம் என்பதே நினைவில் இல்லை என்கிறார். வீட்டில் குக்கர் வைத்துவிட்டு போனை எடுத்தால் விசில் கணக்கு போய்விடுகிறது. பேசும்போது சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறார். என் அம்மா இதை அலட்சியம் என்கிறார். மருத்துவமனையில் தேதி, ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது என்று கேள்விகள் கேட்டார்கள். 30-க்கு 29 வாங்கினார். ‘ஒன்றுமில்லை, டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். வேறு சோதனை ஏதும் உண்டா? இது அல்சைமரில் போய் முடியுமா? குறை இருப்பது தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமா? எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளிடம் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மனைவி சொல்வதை நம்புங்கள். எம்.எஸ். உள்ளவர்களின் சிந்தனைத் திறனை மதிப்பிடுவதுதான் ஒரு நரம்பு உளவியலாளராக என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 30-க்கு 29 என்ற மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்ட முடியாது. அவருக்குக் கொடுத்தது இந்த நோய்க்கு ஏற்ற சோதனையே இல்லை.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது எம்.எம்.எஸ்.இ. என்ற வினாத்தாள் என்றே தோன்றுகிறது. 1975-இல் அமெரிக்க மனநல மருத்துவர் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. முதியவர்களின் மறதி நோயைக் கண்டறிய இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று போகும். இதில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை. 93, 86, 79 என்று ஒருவர் பத்து விநாடியில் சொன்னாலும் ஒரு நிமிடம் யோசித்துச் சொன்னாலும் மதிப்பெண் ஒன்றுதான். எம்.எஸ். முதலில் கைவைப்பது வேகத்தில். வேகத்தை அளக்காத சோதனை இந்த நோயை எப்படிக் காட்டிக்கொடுக்கும்? அதிலும் நாள் முழுவதும் எண்களோடு புழங்கும் வங்கி ஊழியருக்கு ஏழு ஏழாகக் கழிப்பதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது?

இந்த நோயில் நடப்பது இதுதான். நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறையைத் தாக்குகின்றன. உறை சிதைந்த இழையில் செய்தி தாமதமாகப் போகிறது. சில இடங்களில் நின்றும் போகிறது. மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாதைகள் அடிபடும்போது, ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைக் கையாளுவது கடினமாகிறது. உங்கள் மனைவியின் வேலையிலிருந்தே சொல்வதானால், கணக்கில் பணம் பத்திரமாக இருக்கிறது, சர்வர்தான் மெதுவாகிவிட்டது. அவருக்குக் கவுன்டரில் நூல் அறுந்துபோவதும் விசில் கணக்கு விட்டுப்போவதும் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து மோதும் இடத்தில்தான். அறிவு குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. அலட்சியமும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அன்று. இந்த நோயை முதன்முதலில் தெளிவாக வரையறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ, நோயாளிகளின் நினைவாற்றல் குன்றுவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் நடையையும் கை கால் வலிமையையும் அளப்பதிலேயே கவனமாக இருந்துவிட்டது. இன்றும் எம்.எஸ். தீவிரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் இ.டி.எஸ்.எஸ். என்ற அளவுகோலில், குறிப்பாக அதன் மேல்படிகளில், ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதற்கே முக்கிய இடம். நன்றாக நடக்கும் ஒருவர் அந்தக் கணக்கில் ‘நலமாக’ இருக்கிறார். 1991-இல் ஸ்டீபன் ராவ் குழுவினர், மருத்துவமனைக்கு வெளியே சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்த நூறு எம்.எஸ். நோயாளிகளை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, அறிதிறன் குறைபாட்டின் அளவு 43 விழுக்காடு என்று கணித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் 40 முதல் 65 விழுக்காடு வரை சொல்கின்றன. இத்தனை பேருக்கு வரும் ஒன்றை, நோயாளி தானாக வாய் திறந்து சொன்னால்தான் கவனிப்போம் என்று வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சரி, எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும்? எஸ்.டி.எம்.டி. என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரன் ஸ்மித் என்ற உளவியலாளர் உருவாக்கியது. ஒரே ஒரு தாள். அதன் மேல்வரியில் ஒன்பது குறியீடுகள் இருக்கும்; ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 9 வரை ஓர் எண். அதற்குக் கீழே அதே குறியீடுகள் முன்பின்னாகக் கலந்து வரிவரியாக இருக்கும், எண்ணுக்கான கட்டங்கள் காலியாக. மேல்வரியைப் பார்த்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய எண்ணை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதல் பத்து, பழகிக்கொள்வதற்கு. அதன்பின் கடிகாரம் ஓடத் தொடங்கும். 90 விநாடி. எத்தனை சரியாகச் சொன்னார் என்பதுதான் மதிப்பெண்.

பார்த்தால் பிள்ளை விளையாட்டு போலிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால்தான் அதற்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று புரியும். கண் கீழ்வரியில் ஒரு குறியீட்டைப் பிடிக்கிறது, மேலே ஓடி அதன் இணையைத் தேடுகிறது, எண்ணை எடுத்துக்கொண்டு இறங்குகிறது. அதற்குள் கீழே எந்தக் கட்டத்தில் இருந்தோம் என்பதையும் மனத்தில் இருத்த வேண்டும். வேகமாக இயங்கும் மூளைக்குச் சில இணைகள் போகப் போக மனப்பாடமாகிவிடும். அந்தக் குறியீடுகளுக்குக் கண் மேலே போவதில்லை. எம்.எஸ்.ஸால் வேகம் குறைந்தவருக்கு 70-ஆவது விநாடியிலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண் மேலே போய் வருவதைப் பார்க்கலாம். தவறாகச் சொல்ல மாட்டார். எல்லாம் சரியாகவே இருக்கும், எண்ணிக்கைதான் குறைவாக இருக்கும். தன் வேலையில் பிழை விடாமல் இருக்க உங்கள் மனைவி எவ்வளவு பாடுபடுகிறார் என்பது இந்த ஒன்றரை நிமிடத்தில் உங்களுக்கே விளங்கும்.

விடையை எழுதாமல் வாயால் சொல்லும் முறையையே எம்.எஸ். உள்ளவர்களுக்குக் கையாளுகிறோம். கை நடுக்கத்தையோ மரமரப்பையோ மூளையின் வேகக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா. அதே காரணத்துக்காக, அவருக்கு முன்பு கண் நரம்பு பாதிக்கப்பட்டதைச் சோதிப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால் எடுத்துப்போகட்டும். குறியீடு மங்கலாகத் தெரிந்தால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை.

இன்னும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க பிகாம்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. பல நாட்டு நிபுணர்கள் கூடி 2012-இல் பரிந்துரைத்தது. மொத்தமே 15 நிமிடம். எஸ்.டி.எம்.டி.யோடு, 16 சொற்கள் கொண்ட பட்டியலை ஐந்து முறை வாசித்து ஒவ்வொரு முறையும் நினைவில் நிற்பவற்றைச் சொல்லச் சொல்வார்கள். ஆறு உருவங்கள் உள்ள பக்கத்தைப் பத்து விநாடி காட்டி மறைத்துவிட்டு வரையச் சொல்வார்கள்; இது மூன்று முறை. இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் சொற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே தமிழாக்கி வாசிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மொழியில் அன்றாடம் புழங்கும் சொல் இன்னொரு மொழியில் அரிதாக இருக்கலாம். நீளம் மாறும், ஒலி மாறும். தமிழுக்கென்று முறைப்படி தயாரித்த பட்டியலா, வயதும் படிப்பும் ஒத்த நம் மக்களின் மதிப்பெண்களோடு ஒப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எண்களை மட்டும் நம்பியிருக்கும் எஸ்.டி.எம்.டி.யில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. நம் ஊர் மருத்துவமனைகளில் அதையே முதலில் கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைவிட, அது ஆண்டுக்காண்டு எப்படி நகர்கிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கத்தின் நிபுணர் குழு 2018-இல் வெளியிட்ட பரிந்துரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: நோய் உறுதியானதும், உடல்நிலை ஒரு நிலைக்கு வந்த பிறகு முதல் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் இது பொருந்தும். எஸ்.டி.எம்.டி.யில் நான்கு புள்ளி குறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும் என்பது பல ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் மனைவிக்கு ஒரு சோதனை எடுத்திருந்தால் இன்று ஒப்பிட ஓர் எண் இருந்திருக்கும். போகட்டும். இப்போது எடுப்பது அடுத்த ஆண்டுக்கு அடிக்கல் ஆகும். எப்போது எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புதிய தாக்குதல் வந்து ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டிருக்கும் வாரத்தில் வேண்டாம். அந்த மருந்தே சில நாள் நினைவாற்றலைக் குறைக்கும். காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். முழுநாள் வேலை முடித்துக் களைத்து வந்த மாலையும் ஏற்றதல்ல. காலையில் போங்கள், அடுத்த ஆண்டும் காலையிலேயே போங்கள். போவதற்கு முன் இணையத்தில் தேடி வீட்டில் பழகிப் பார்க்க வேண்டாம் என்று அவரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பழகிய சோதனை உண்மையை மறைத்துவிடும், மறைத்தால் இழப்பு அவருக்குத்தான்.

நீங்களும் உடன் செல்லுங்கள். எம்.எஸ். நோயாளிகளுக்கென்று 15 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உண்டு; ஒரே கேள்விகளை நோயாளியும் உடன் வாழ்பவரும் தனித்தனியாக நிரப்புவார்கள். அதில் தெரிய வந்த ஒரு செய்தி எனக்கு எப்போதும் பாடமாக இருக்கிறது. நோயாளி தன்னைப் பற்றி எழுதுவது பெரும்பாலும் அவருடைய மனச்சோர்வின் அளவோடு ஒத்துப்போகிறது. உடன் வாழ்பவர் எழுதுவது சோதனை முடிவுகளோடு கூடுதலாக ஒத்துப்போகிறது. அதற்காக அவருக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள். மருத்துவர் அவரைக் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல் கிடைக்க அரை நிமிடம் ஆனாலும். சோதனை வேண்டுமா என்பதும் அவர் எடுக்க வேண்டிய முடிவு. இந்தப் பதிலை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு என்றதும் ‘டென்ஷன்தான்’ என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் வருகிறது. அது சிந்தனையையும் மெதுவாக்கும். ஆகவே மனநிலைதான் காரணம் என்று மருத்துவர் கருதினால் அதையும் முறையாக மதிப்பிட்டு, சிகிச்சை தந்து, மூன்று நான்கு மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஒரு சொல்லைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது சிகிச்சை ஆகாது. சரிசெய்யக்கூடிய மற்றவற்றையும் இதே கையோடு பார்த்துவிடலாம். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார்? குறட்டை விடுகிறாரா? தைராய்டு, பி12, ரத்தசோகை பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று? மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென், நரம்பு வலிக்கு இரவில் தரும் அமிட்ரிப்டிலின், தூக்கத்துக்குத் தரும் குளோனசிபாம் ஆகியவை சிலருக்கு மூளையை மந்தமாக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எஸ்.டி.எம்.டி.யில் மதிப்பெண் குறைந்தால் அதுவே இறுதித் தீர்ப்பு ஆகாது. அடுத்து இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும் முழுமையான நரம்பு உளவியல் மதிப்பீடு வேண்டும் என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான். சோதனை எடுத்து, முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, சரிவு உறுதியானால் நரம்பியல் மருத்துவர் அதை நோய் தீவிரமடைவதன் ஓர் அடையாளமாகவும் கருதி, இப்போதைய மருந்து போதுமா என்று யோசிப்பார். எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் மூளையின் புறணியில் உள்ள தழும்புகள் வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் சிக்குவதில்லை. தலாமஸ் போன்ற பகுதிகள் மெல்லச் சுருங்குவதும் சாதாரண அறிக்கையில் எழுதப்படுவதில்லை. அறிக்கை சுத்தமாக இருப்பதும் அவருக்குச் சிரமம் இருப்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

அல்சைமர் பயம் வேண்டாம். இரண்டும் வெவ்வேறு நோய்கள். அல்சைமரில், சற்றுமுன் தெரிந்துகொண்டதே தடம் தெரியாமல் அழிந்துபோகும். எம்.எஸ்.ஸில் புதியதை உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் நேரமும் திரும்பச் சொல்லுதலும் வேண்டும். நன்றாக வாங்கிக்கொண்டது பெரும்பாலும் தங்கிவிடும். சரிவும் பொதுவாக மெதுவானது, ஆளுக்கு ஆள் மாறுவது. முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்.

நினைவாற்றலுக்கு மாத்திரை உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வாங்கித் தருவார்கள். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மருந்தை எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. 2011-இல் முடிவு வெளியானது. ஜிங்கோ மூலிகையும் அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் தேறவில்லை. வல்லாரைத் துவையல் சாப்பிடட்டும். மூலிகைச் சாறுகளையும் மாத்திரைகளையும் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள், எம்.எஸ். மருந்துகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. பயன் தருவது பயிற்சி. கற்க வேண்டியதைக் கதையாகவும் காட்சியாகவும் மனத்தில் கோத்துக்கொள்ளும் முறை ஒன்றை நியூ ஜெர்சியில் நான்சி கியாரவலோட்டி குழுவினர் எம்.எஸ். நோயாளிகளிடம் சோதித்து 2013-இல் நல்ல பலன் கண்டார்கள். முறையான உடற்பயிற்சியும் வேண்டும். உடல் சூடானால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும் என்பதால் வெயிலுக்கு முன், அதிகாலையில் நடக்கட்டும்.

வேலை பற்றிய அச்சம் புரிகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் அட்டவணையில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையைவிட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது அச்சட்டத்தின் 20-ஆவது பிரிவு. வகிக்கும் பணி ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொதுத்துறை வங்கிக்கும் இது பொருந்தும். சோதனை அறிக்கை அவருடைய மருத்துவ ஆவணம். அவர் சம்மதம் இல்லாமல் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. ஆனால் பணக் கவுன்டரில் தவறு நேர்ந்து விளக்கம் எழுதும் நிலை வரும்வரை காத்திருப்பதைவிட, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு கோப்பு என்று பார்க்கக்கூடிய பணியைக் கேட்டுப் பெறுவது நல்லது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாமா என்பதையும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியவர் நீங்கள்; அந்தச் சுமையை மனைவி மேல் வைக்காதீர்கள். அவர் சமைக்கும்போது போனை நீங்கள் எடுங்கள். அம்மாவுக்கு மருமகளிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அவர் கைவேலையை முடித்துத் திரும்பிய பிறகு ஒன்றொன்றாகச் சொல்லட்டும்.

மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பெண் வீட்டில் நடப்பதை ஏற்கெனவே கவனித்திருப்பாள். சொல்லாமல் விட்டால், அம்மாவுக்குத் தன் மேல் அக்கறை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அம்மாவே சொல்வது நல்லது, சோதனைக்குப் போவதற்கு முன்பாகவே. மூளையில் செய்தி போகும் வேகம் குறைந்திருக்கிறது, அதை அளக்கப் போகிறோம், அம்மாவுக்கு உன்னைப் பற்றிய எதுவும் மறக்கவில்லை என்ற அளவு போதும். தனக்கும் இது வருமா என்று அவள் கேட்கலாம். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், ஆனாலும் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வருகிறது என்பதை அப்படியே சொல்லிவிடுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் கடைசி நாளையோ ஆசிரியர் சந்திப்பையோ நினைவுபடுத்தும் பொறுப்பை அவளிடம் கொடுக்க வேண்டாம். அது உங்கள் வேலை.